அண்ணன் கொண்டுவந்த கல்

அந்த அருங்காட்சியகத்தின் இருட்டறை பதினாறு வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. புற ஊதா விளக்கைப் போட்டதும் கற்கள் பச்சையும் சிவப்புமாக ஒளிர, வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடாது. சும்மாவா? அவள் படிக்கவேண்டும் என்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலைக்குப் போனவர் அவளுடைய அண்ணன்.

அவருக்கும் கல் பைத்தியம்தான். விடுமுறை நாளெல்லாம் மலையடிவாரத்தில் பொறுக்குவார். ஒருநாள் பழுப்பேறிய கல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளைத் தேடி வந்தார்.

"எங்க கிருமி கொல்ற விளக்குல காட்டிப் பாத்தேம்மா, நீலமா ஜொலிக்குது. இருபது வருஷமா சேத்தது, வீட்டுல ஒரு மூட்டை இருக்கு. உங்க அலமாரியில ஒண்ணாச்சும் வைப்பீங்களா?"

அவள் கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். தூசி படக்கூடாது என்று மூடிவைத்தே சோதிப்பது அங்கே வழக்கம். நீள அலை விளக்கு, பிறகு அந்த மாதம்தான் வந்திருந்த குறு அலை விளக்கு, இரண்டையும் வெளியிலிருந்து காட்டினாள். கல் அடுப்புக்கரி மாதிரிக் கிடந்தது. கூட வேலை செய்பவர்கள் வேடிக்கை பார்க்க, அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்னண்ணே, கதை விடுறீங்க! இது வெறும் கல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவி. அண்ணன் கல்லை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்துப் பெட்டியின் கண்ணாடி விரிசல் விட்டதில் அதைக் கழற்றி அனுப்பியிருந்தார்கள். வேறொரு கல்லைப் பார்க்கக் குறு அலை விளக்கைப் போட்டவள் அலறாத குறை. மேசை ஓரத்தில் அண்ணனின் கல் நீலமாக எரிந்துகொண்டிருந்தது! சாதாரணக் கண்ணாடி நீள அலையை உள்ளே விடும், குறு அலையை மறித்துவிடும். அண்ணன் சொன்ன கிருமி கொல்லும் விளக்கும் குறு அலைதான். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

விளக்கும் கல்லுமாக அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். சன்னலைச் சாத்திவிட்டுக் காட்டினாள். அவர் பச்சைப்பிள்ளை போலச் சிரித்தார்.

"நான் சொன்னேன்ல?"

"மூட்டையை எடுங்கண்ணே. உங்க பேரைப் போட்டு ஒரு அலமாரியே கேட்டு வாங்கியிருக்கேன்."

சிரிப்பு நின்றுபோயிற்று. அறையில் புதிதாகப் போட்டிருந்த சிமெண்டுத் தரையைக் கைகாட்டினார்.

"இதுக்கு அடியில கொட்டிட்டேம்மா."

"ஏண்ணே? நீங்கதான் கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேன்தான். ஆனா நீ படிச்சவளாச்சே. நீ இல்லைன்னு சொன்னதும், என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

அந்தத் தரையில் உட்காரவும் கூசி, அவள் நின்றபடியே அழுதாள்.