பாட்டுத்தாளைப் படிக்க முடியாத நான்

சபையாரே, உங்கள் சகோதரியாகிய எனக்கு இந்தச் சாட்சியை இனிமையாகச் சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

இந்த ஈஜோக் ஊரில் நம் ஜெபவீட்டில் பதினாறு வருடம் கீபோர்டு வாசித்தேன். எல்லாம் காதால் கேட்டுப் பழகியது. ஒரு தடவை கேட்டால் விரல் பிடித்துக்கொள்ளும். ஆனால் தாளில் எழுத்து எனக்கு நிற்காது, ஒன்றின்மேல் ஒன்று ஏறும். இசைக்குறிப்பும் அப்படித்தான். பள்ளியில் என் பெயரே முட்டாள். தோட்டத்து லயத்து வீட்டில் அப்பா துணி மாட்டும் ஹேங்கரால் அடிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் புதிதாக வந்த பாடகர் குழுத் தலைவர் டேவிட் அண்ணன், எல்லார் முன்னாலும் ஒரு புதுப்பாட்டுத் தாளை நீட்டினார்.

"ஒரு தடவ பாடிக் காட்டுங்கண்ணே, வாசிச்சிருவேன்."

"நோட்ஸ் பாக்கத் தெரியாதா? அப்ப இத்தன வருஷம் எங்கள ஏமாத்திக்கிட்டுத்தான் இருந்தியா? என்னா லா இது!"

சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியும். அடுத்த வாரம் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

தினமும் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எழுத்தை நிற்க வையும்." ஒரு வருடம் கேட்டேன். நிற்கவில்லை.

அந்த ஆத்திரத்தில்தான் அது நடந்தது. ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்த என் மகள் எஸ்தர் ஒரே வரியில் தடுமாறிக்கொண்டிருந்தாள். அடித்தேன். நானும் ஹேங்கரால்தான்.

"எழுத்து ஓடுதும்மா."

கை அப்படியே நின்றது. சின்ன வயதில் நான் சொல்லத் தெரியாமல் அடிவாங்கிய வார்த்தை அது. அன்று ஜெபத்தை மாற்றினேன். "எனக்கு ஒன்றும் வேண்டாம். இவளை யாரும் முட்டாள் என்று சொல்லக்கூடாது. நானும் சொல்லக்கூடாது."

அந்த வாரமே அவள் ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. கடிதம் கொடுத்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார். சோதித்த டாக்டர், "இது டிஸ்லெக்சியா. புத்தியில ஒரு குறையும் இல்ல. எழுத்து மட்டும் இவளுக்குச் சுலபமா பிடிபடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இப்படித்தானாம்மா?"

வாய்விட்டு அழுதேன். முப்பத்தெட்டு வயதில் என் முட்டாள்தனத்துக்கு வேறு பெயர் கிடைத்தது. அப்பா செத்து ஆறு வருடம். அவரிடம் போய்ச் சொல்ல வழியில்லை.

எஸ்தர் இப்போது தனி வகுப்பில் மெதுவாகப் படிக்கிறாள். போன மாதம் டேவிட் அண்ணன் என்னை மறுபடி வாசிக்கக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆண்டவருக்காக வந்து வாசிக்கிறேன். கசப்பு போகவில்லை, அதற்கும் ஜெபிக்கிறேன்.

என் எழுத்து இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பிள்ளையை அடித்த கையை ஆண்டவர் தடுத்தார். அதற்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்வேன். உங்கள் வீட்டிலும் படிக்க முடியாத பிள்ளை இருந்தால் அவரை நம்பி முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள்.