மார்லிஸுக்குத் தெரிய வேண்டாம்

மார்லிஸுக்குப் பொய் வராது. பாதிரியாரின் மனைவி சுட்ட கேக்கைத் தின்றுவிட்டு, "தொண்டையில இறங்க மாட்டேங்குதே, வெண்ணெய் போட மறந்துட்டீங்களா?" என்று சபைக் கூட்டத்திலேயே கேட்டவள். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தப் பால்பண்ணை வட்டாரத்தில் அவளிடம் அபிப்பிராயம் கேட்கத் தனித் தைரியம் வேண்டும்.

மகள் டெனிஸ் அப்பாவுக்காகப் பேட்டரியில் ஓடும் பொம்மைப் பூனை ஒன்றைக் கொண்டுவந்தபோது சண்டை வந்ததும் அதனால்தான்.

"அப்பாகிட்ட நிஜப் பூனைன்னே சொல்லிடும்மா."

"மாட்டேன். கல்யாணமான நாள்லேருந்து அவர்கிட்ட பொய் சொன்னதில்ல. அவரா கேட்டா உள்ளதைச் சொல்லிடுவேன்."

கணவர் டெல்மருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மாடுகளை விற்று எத்தனையோ வருஷமாகியும், பொழுது சாய்ந்தால் பால் கறக்கக் கிளம்பிவிடுவார். பனியில் இறங்கி, காலிக் கொட்டிலிலிருந்து அவரைத் திருப்பி அழைத்துவருவதற்குள் மார்லிஸுக்கு உயிர் போய் உயிர் வரும். பூனை மடியேறிய பிறகு அந்த அலைச்சல் நின்றது. தடவினால் அது கண்ணைச் சிமிட்டிக் குர்ரென்று முனகும். அது நிஜப் பூனையா என்று அவர் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தொல்லை. படுக்கப் போகுமுன் பூனையை வெளித் தாழ்வாரத்தில் விட்டுவிடுவார். கொட்டில் பூனை வீட்டுக்குள் ராத்தங்கக் கூடாது என்பது மார்லிஸ் அந்தக் காலத்தில் போட்ட சட்டம். பெண்டாட்டியையே பார்த்து "யாரும்மா நீங்க?" என்று கேட்கிற மனுஷனுக்கு அவள் சட்டம் மட்டும் மறக்கவில்லை. அவர் கண்ணயர்ந்ததும் அவளே போய் எடுத்து வருவாள். ஜனவரியில் ஒருநாள் அசதியில் மறந்துபோனாள்.

காலையில் டெல்மர் அதைத் தூக்கிவந்தார். குளிரில் பேட்டரி தீர்ந்து, பூனை கட்டைபோலக் கிடந்தது. விறைத்துப்போன இளங்கன்றுக்குச் செய்வதுபோலவே அதைச் சட்டைக்குள் பொதிந்து, அடுப்பெதிரே மண்டியிட்டு, முதுகைத் தேய்த்தார்.

"ஏம்மா, செத்துப்போச்சா?"

கேட்டேவிட்டார். பொம்மைதான் என்று சொன்னால் அந்த மடி மறுபடி காலி; சாயங்காலம் மறுபடி பனி, மறுபடி கொட்டில். மார்லிஸ் பூனையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"இல்ல. குளிர்ல விறைச்சிருக்கு, அவ்வளவுதான். துண்டு எடுத்துட்டு வாங்க."

அவர் போய்த் திரும்புவதற்குள் டார்ச்சிலிருந்த பேட்டரிகளைக் கழற்றிப் பூனை வயிற்றில் திணித்தாள். டெல்மர் துண்டால் அழுத்தித் துடைத்தார். பூனை கண் திறந்து கத்தியது. அவர் அழுதுவிட்டார். அவளும்தான்.

அன்று படுக்கப் போகையில், பூனையை அணைத்தபடி வெளிக்கதவருகே தயங்கி நின்றார்.

"ஏம்மா, வெளியில பனி கொட்டுது. இன்னிக்கு மட்டும் இது உள்ளேயே படுக்கட்டுமா? மார்லிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. தங்கமானவதான், ஆனா சட்டம்னா சட்டம்."

மார்லிஸ் வெளிக்கதவைத் தாழிட்டாள்.

"அவ தூங்கிட்டா," என்றாள். "உள்ள கொண்டுவாங்க."