தண்ணி தெளித்த கதை

யோகமலருக்கு மனம் கெட்டதில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். கனடாவின் மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதி செய்யும் இடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அங்கே சுப்பவைசரே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார். அந்த வாய்தான் போன வருடம் பெற்ற பிள்ளையையே வீட்டை விட்டுத் துரத்தியது.

ஒரே மகன் வினோதன். "அம்மா, நான் அனியூவைத்தான் கட்டப்போறன்" என்று வந்து நின்றான். அனியூ அவனோடு வேலை செய்பவள். சீனாவின் லியாங்ஷான் மலைப்பக்கத்து யீ இனத்துப் பெண். அவள் ஆர், எப்படிப்பட்டவள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அப்பிடியெண்டா உனக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு, போ!"

இனி நீ எனக்குப் பிள்ளையில்லை என்பதை நம்மவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவனும் போய்விட்டான். எட்டு மாதம் ஒரு போன் இல்லை. அவளோ பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்து, பாதியைப் பிரிட்ஜில் வைத்து, மூன்றாம் நாள் கொட்டினாள். கொட்டும்போதெல்லாம் தன் வாயைத்தான் திட்டினாள்.

சித்திரை பிறந்த பிறகு ஒருநாள் அவனே வந்தான்.

"அம்மா, அவையின்ர முறைப்படி மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் போய்ப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வரவேணும். வருவீங்களோ?"

"ஓம்" என்றாள். ஒரே சொல். இன்னொரு முறை வாய் தவறினால் இவன் திரும்பி வரமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"வாசலிலை தண்ணி தெளிப்பினம். கோவிக்கக்கூடாது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு, பன்னீர் தெளிப்பார்களாக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெளிப்பதற்கும் ஊற்றுவதற்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

யூலை மாதம், சனிக்கிழமை காலை. அனியூவின் ஆட்களுடைய மலையில் கலியாணங்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில்தானாம். கனடாக் குளிரில் தண்ணீர் ஊற்றினால் சம்பந்திமார் மிஞ்சமாட்டார்கள் என்று கோடைக்கு மாற்றியிருந்தார்கள். யோகமலர் அரக்கு நிறக் காஞ்சிபுரம் உடுத்து, தலை நிறையப் பூ வைத்து, கையில் வெள்ளித் தட்டோடு ஸ்ரௌவ்வில் நகரில் அனியூவின் அக்கா வீட்டு வாசலில் இறங்கினாள். பக்கத்தில் பட்டு வேட்டியில் அவளுடைய அண்ணன் சிவபாதம், பின்னால் வினோதன்.

கதவு திறந்தது. கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூவேலை செய்த உடுப்பில் ஏழெட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பன்னீர்ச் செம்பு எங்கே என்று யோகமலர் தேடும்போதே முதல் வாளித் தண்ணீர் நெஞ்சில் விழுந்தது. புல்லுக்கு அடிக்கும் குழாயால் சிவபாதத்துக்கு அபிஷேகம் நடந்தது. ஒருத்தி ஓடிவந்து, பார்பெக்யூ அடுப்புக் கரியை யோகமலரின் இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டுப் போனாள்.

"மரியாதை தெரியாத சனம்!" சிவபாதம் துள்ளினார். "தங்கச்சி, காரிலை ஏறு. உதுகளோடை எங்களுக்கு என்ன சம்பந்தம்?"

வினோதன் பார்த்தது மாமனை அல்ல, அம்மாவின் வாயைத்தான்.

அவளும் வாயைத் திறந்தாள். சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் அடுத்த வாளியோடு நின்றவள் அனியூவின் தாய். அந்த மனிசி அழுதுகொண்டு நின்றாள். அழுதழுது தண்ணீரை ஊற்றினாள்.

"ஏன்ரா அழுறா?"

"தங்கட பிள்ளையை லேசிலை விடமாட்டினமாம், அம்மா. அதைக் காட்டத்தான் இந்தத் தண்ணி. அவையின்ர கலியாணத்திலை இதுதான் முறை. நான் வடிவாச் சொல்லியிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யோகமலரின் வாய் தானாக மூடிக்கொண்டது. நாம் பிள்ளையை விட்டுவிடத் தண்ணி தெளிக்கிறோம். இவர்கள் விடமாட்டோம் என்று ஊற்றுகிறார்கள். அன்றைக்குத் தான் தெளித்த தண்ணீர் பெற்ற பிள்ளையை எப்படிச் சுட்டிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தட்டைத் தமையனின் கையில் திணித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தத் தாயிடம் போய், அவள் மறுபடி நிரப்பிய வாளியைக் கேட்டு வாங்கினாள். எல்லோரும் பின்வாங்கினார்கள். சம்பந்திச் சண்டை தொடங்குகிறது என்றே சிவபாதமும் நினைத்தார். அவள் நேரே மகனிடம் நடந்துபோய், முழு வாளியையும் அவன் தலையில் கவிழ்த்தாள்.

"நானும் விடமாட்டன்ரா!"

தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் தாயைக் கட்டிப்பிடித்தான். அவளுடைய கன்னத்துக் கரியில் பாதி அவன் சேர்ட்டில் ஒட்டிக்கொண்டது.