அயர்லாந்துப் பாய்

அயர்லாந்து கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று சின்ன வயதில் எனக்கு உறுதியான நம்பிக்கை. திருச்சி ரோட்டில் கொட்டாம்பட்டி வரைக்கும் ஒரு தரம் மாட்டு வண்டியில் போயிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஊர் தெரியாது. ஆகையால் தெரியாத ஊரையெல்லாம் அதற்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டேன். ரங்கூனும் அங்கேதான், சீமையும் அங்கேதான்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அயர்லாந்து விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. அந்த ஊர் ஜனங்கள் செய்ததை எங்கள் வளவில் செய்து ஜெயித்தவர்கள் நாங்கள். அந்தச் சேதியைக் கொண்டுவந்து சேர்த்தவளே நான்தான்.

வளவு என்றால் ஒரே தலைவாசலுக்குள் எதிரும் புதிருமாகக் குடித்தன வீடுகள், நடுவில் முற்றம், கோடியில் கிணறு. எங்களுடையது காளவாசல் போகிற வழியில் இருந்தது. சொந்தக்காரர் செட்டிநாட்டுப் பக்கம் எங்கேயோ இருந்தார். அவர் முகத்தை நாங்கள் யாரும் கண்டதில்லை. நாங்கள் கண்ட முகம் அவருடைய காரியஸ்தர் முகம்தான். வேலை இருக்கிறதோ இல்லையோ, காலையில் வந்துவிடுவார். ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். அந்த வீட்டுப் பெண்பிள்ளை பாயை எடுத்துவந்து விரிக்க வேண்டும். உட்கார்ந்து ஒரு வாய் மோர் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். பழம்பாயில் உட்கார மாட்டார். அதனால் எல்லா வீட்டிலும் அவருக்கென்று ஒரு நல்ல கோரைப்பாய் மூலையில் சுருட்டி நின்றது. நாங்கள் படுத்தது கிழிசலில்.

அந்தச் சேதி வந்த வருஷம், ஆனி மாசக் கடைசியில் எங்கள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். கிணற்றடி வீடு, காற்று நன்றாக வரும், அவர் மச்சினனுக்கு அதன்மேல் கண். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடியேற மாட்டார்கள். ஆகவே மச்சினன் வரவேண்டுமானால் ஆடிக்குள் நாங்கள் வெளியேற வேண்டும். அம்மாவுக்கோ அப்போது நிறைமாசம்.

ஐயா மில் வேலைக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். "பிள்ளை பொறந்து ஆவணியில போயிர்றோம்ங்க" என்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளை பெத்துக்கிற எடமா பார்த்துப் போ" என்றார் காரியஸ்தர்.

ஐயா வேலை விட்டதும் திருப்பரங்குன்றம் வரைக்கும் நடந்து வீடு தேடினார். நாளைக்கோ மறுநாளோ பிரசவமாகப் போகிறவளை ஆடி பிறக்கிற சமயத்தில் யார் வீட்டுக்குள் ஏற்றுவார்கள். ஐயா காலில் புழுதியோடு வந்து படியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா அதையும் பார்த்துக்கொண்டே பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு அமையாவிட்டாலும் கிளம்பித்தான் ஆக வேண்டும் என்று, ஒரு சாயங்காலம் வண்டி பிடித்துத் தரச் சொல்லி என்னை மாமாவிடம் அனுப்பினார்கள். மாமா அம்மாவின் தம்பி. தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தார். கதரைத் தவிர வேறு துணி தைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கடையில் துணி குறைவு, பத்திரிகை கேட்க வருகிற கூட்டம் அதிகம். அன்றைக்கு அயர்லாந்து நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரனுக்கு நிலத்துக்காகக் கட்டுகிற தவணையை இனிமேல் கட்ட முடியாது என்று அந்த ஊர் ராஜாங்கமே சொல்லிவிட்டதாம். படித்து முடித்த மாமா, அதே ஊரில் அந்தக் காலத்தில் நடந்த கதையையும் எடுத்துவிட்டார்.

"தொரை இருக்கது ஒரு பக்கம், அவன் நெலம் ஒரு பக்கம். மேல்பார்வைக்கு ஒரு காரியஸ்தன். அந்தப் பய குடியானவனை வீட்டை விட்டுக் கெளப்பப் பாத்தான். ஊரு என்னண்ணே செஞ்சுச்சு? கைய ஓங்கலை, ஒரு வார்த்தை பேசலை. பகிஷ்காரம். இங்கிலீசுல பாய்காட்டு. காரியஸ்தன் ஊரை விட்டே ஓடிட்டான்."

பகிஷ்காரம் என் வாயில் நிற்கவில்லை. மற்றது நின்றது. வண்டியை மறந்துவிட்டு வளவுக்கு ஓடினேன். கிணற்றடியில் பெண்கள் கூடியிருந்தார்கள்.

"காரியஸ்தரு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா அயர்லாந்துல பாய் காட்டுவாகளாம். அவரு ஓடிருவாராம். ஒண்ணும் பேசக் கூடாதாம். மாமா சொன்னாக."

முதல் வீட்டுக்காரர் கோரைப்பாய் வியாபாரம் செய்கிற பாய். அவர் மனைவியும் வாளியோடு நின்றிருந்தார். எதிர்வீட்டு அத்தை வாயை மூடிக்கொண்டு இருப்பாளா. "எந்தப் பாயைடி காட்டச் சொன்னாக? படுக்கிற பாயா, இந்தா நிக்கிறாளே, இவ வீட்டுப் பாயா?"

"எங்க வீட்டு ஆளைக் காட்டுனா காரியஸ்தரு எங்க ஓடுவாரு? இவருல்ல ஓடுவாரு" என்றார் பாயம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டுப் பாயம்மா மட்டும் யோசனையாக நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மனுசன் பாய்க்குத்தான் தெனம் வாராரு. விரிச்சாத்தான மருவாதி? விரிக்காம, சுருட்டுனபடியே காட்டுனா?"

பெண்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் காரியஸ்தர் தலைவாசலில் நுழைந்தார். முதல் வாசலில் பாயம்மா நின்றார், தோளோடு சேர்த்துப் பிடித்த சுருட்டிய பாயோடு. காரியஸ்தர் சற்று நின்று பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குத் திரும்பினார். அங்கே அத்தை, கையில் சுருட்டிய பாய். அடுத்த வாசல், அதற்கடுத்த வாசல், முற்றத்தின் இரண்டு பக்கமும் பெண்கள், எல்லோர் கையிலும் பாய். ஒரு சத்தம் இல்லை. கோடியில் எங்கள் அம்மா. அவளால் வெகுநேரம் நிற்க முடியாது. பாயைத் தரையில் ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கட்டி வைத்த சாக்கு மூட்டைகள்.

காரியஸ்தர் மூட்டைகளைப் பார்த்தார். பாய்களைப் பார்த்தார். அவர் முகம் மாறுவதை நான் கிணற்று மேட்டிலிருந்து கண்ணால் கண்டேன்.

"என்னத்தா இது, ஆளாளுக்குப் பாயைச் சுருட்டிக்கிட்டு? அம்புட்டுப் பேருமா கெளம்புறீக?"

யாரும் வாய் திறக்கவில்லை. பேசக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

"ஆடி பூரா வளவு காலியாக் கெடந்தா மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? ஏம்மா பாயம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

பாயம்மா பாயை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

காரியஸ்தர் முற்றத்தின் நடுவில் வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நெறமாசக்காரியை யாரு போகச் சொன்னது? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மூட்டையைப் பிரிங்கத்தா." அம்மா சாக்கின் முடிச்சில் கை வைத்த பிறகுதான் திரும்பிப் போனார். அன்றைக்கு ஒரு வீட்டிலும் அவருக்கு மோர் இல்லை.

அந்த ஆடியில் அதே வீட்டில் என் தம்பி பிறந்தான். காரியஸ்தருக்கென்று வைத்திருந்த நல்ல பாயில்தான் அவனைக் கிடத்தினோம். மச்சினன் எங்கே போனான் என்று தெரியாது.

பாய் காட்டிய சேதியைக் கேட்ட மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஆமாக்கா, பேப்பர்ல அப்படித்தான் போட்டிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வேகமாகக் கடைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் தையல்கடையில் எழுந்த சிரிப்பு வளவு வரைக்கும் கேட்டது. நாங்கள் ஜெயித்ததற்குச் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் வெகுகாலம் கழித்து, காலேஜ் படிக்கிற என் பேத்தி சொல்லித்தான் தெரிந்தது. அந்த வார்த்தைக்கும் பாய்க்கும் சம்பந்தமே இல்லையாம். அது அயர்லாந்தில் இருந்த அந்தக் காரியஸ்தனுடைய பேராம். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்: அந்த ஊரில் அவனுக்கு அதற்கப்புறம் யாராவது பாய் விரித்தார்களா?

ஒருத்தரும் இல்லை அப்பத்தா, என்றாள்.

அப்படியென்றால் நாங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறோம்.