தொடாமல் வாசித்த பெட்டி

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்த எண்பதுகளில், எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு விஞ்ஞான அறை. உடைந்த கதிரை மேசைகளை அடுக்க அதையும் எடுத்துக்கொள்ளப் போவதாக அதிபர் சொன்னார். "அந்த ரூமுல அப்புடி என்னா டீச்சர் நடக்குது? நாலு கண்ணாடிக் குழாயும் போத்தல்ல ஒரு தவளையுந்தானே இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். கல்விக் கந்தோர் அதிகாரி வரும் அன்று காட்டுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

காட்ட நினைத்தது தெரமின், கை படாமல் வாசிக்கும் வாத்தியம். பழைய சஞ்சிகை ஒன்றில் அதன் வரைபடம் கிடைத்திருந்தது. பூச்சியம், ஒன்று என்ற இரண்டு மட்டுமே தெரிந்த ஒரு சின்ன ஐசி, நகமளவு மின்னணுச் சில்லு, உள்ளே இரண்டு அதிர்வுகளை எழுப்பும். ஒன்று மாறாது. ஏரியலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் மற்றது மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பீக்கரில் சத்தமாக வரும். தேயிலை ஆலையில் பெட்டி அடைக்கும் பிரிவில் வேலை செய்த என் அண்ணன், கொழும்புக்குப் போனபோது மூன்று ஐசி வாங்கி வந்து தந்தான்.

முதலாவதைப் பொருத்தினேன், மூச்சு இல்லை. இரண்டாவதும் அப்படியே. கம்பிகளில் பிழை தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். தை மாதத்துக் காய்ந்த குளிரில் ஒருநாள் கம்பளிச் சுவட்டரைத் தலைவழியாகக் கழற்றினேன். முடி படபடவென்று பொரிந்து எழுந்து நின்றது. அப்போதுதான் விளங்கியது. கம்பளியும் நைலோன் சேலையும் உரசி என் உடம்பில் ஏறிய மின்சாரம், விரல் நுனி வழியாகப் போய் இரண்டு ஐசியையும் கொன்றிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றுகூடப் படவில்லை, அதற்கோ அது இடி.

மிஞ்சிய ஒன்றைத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் சுற்றி வைத்தேன். சுவட்டரைக் கழற்றினேன். பருத்திச் சேலை கட்டினேன். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று தண்ணீர் வரும் இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டு, ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு குந்தி, கரி நெருப்பில் காய்ச்சிய பற்றாசுக்கோலால் கம்பிகளை ஒட்டினேன். பல் தந்தியடித்தது. எட்டிப் பார்த்த அண்ணன், "ஐசிக்குக் கம்பளி போத்துன மாதிரி ஈயத்தாளு, ஒனக்கு மட்டும் பச்சப்பனியா? நல்லாத்தான் இருக்கு தங்கச்சி ஞாயம்" என்றான்.

எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் பொருத்தியதும் பெட்டி பேசியது. உள்ளே முழுக்க அதே ஈயத்தாளை ஒட்டி, பற்றரியின் மறைமுனையோடு இணைத்தேன். பழைய ரேடியோ ஏரியல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி வந்த அன்று, பள்ளி மண்டபத்தில், பிள்ளைகள் காலையில் பாடும் தேவாரத்தைக் காற்றில் கையசைத்து வாசித்தேன். முதல் வரி கொஞ்சம் கோணியது. இரண்டாம் வரியில் பின்வரிசைப் பிள்ளைகள் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிந்ததும் அதிகாரி எழுந்து வந்தார். தடித்த கம்பளிக் கோட்டு. கையை நேரே ஏரியலைப் பிடிக்க நீட்டினார். ஒரு தொடுகை போதும், கடைசி ஐசியும் போய்விடும். "தொடாதீங்க சேர்" என்று நான் வாயெடுப்பதற்குள், நெருங்கிய கையைக் கண்டு பெட்டியே கீச்சென்று வீறிட்டது. அவர் வெலவெலத்துக் கையை இழுத்துக்கொண்டார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தள்ளி நின்றே கையை ஆட்டி, ஆசை தீர ஊளையிட வைத்தார்.

"எங்க வச்சு செஞ்சீங்க டீச்சர் இத?"

நான் பதில் சொல்வதற்குள் அதிபர் முன்னால் வந்தார். "நம்ம விஞ்ஞான ரூமுல சேர். இந்த மாதிரி வேலைக்குன்னே அத ஒதுக்கி வச்சிருக்கோம்."

அதிகாரிக்கு முன்னால் சொல்லிவிட்டதை இனி அதிபரால் விழுங்க முடியாது, அறை தப்பியது. அந்த மனிதர் சொன்ன பொய்களில் எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.