அடிக்குத் தப்ப மாலை போட்டவன்

எனக்குப் பக்தி வந்ததே அடிக்குப் பயந்துதான். எண்பதுகளின் கடைசி, பதினெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. சாயங்காலமானால் பாக்கெட் சாராயம். விளையாட்டாக ஆரம்பித்தது, ஒரே வருடத்தில் காலையிலேயே கை உதறும் அளவுக்கு முற்றிவிட்டது. அப்பா பெல்ட்டைக் கழற்றிய வாரம் கார்த்திகை பிறந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டவனை அடிக்க முடியாது, திட்டவும் முடியாது. மறுநாள் விடிவதற்குள் கறுப்பு வேட்டியோடு கோயிலில் நின்றேன்.

"சாமி, சாப்ட வாங்க" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மூளை ஒன்றை மட்டும் மறந்திருந்தது: மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் குடிக்கக் கூடாது.

முதல் வாரம் வியர்வை, வாந்தி, தூக்கமில்லை. பஜனையில் என் கை நடுங்குவதைப் பார்த்து ஜால்ராவைக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் பாராட்டினார்கள். இரண்டாம் வாரம் ஒரு நாள் சரணம் சொல்லிவிட்டு ஐயப்பனிடம் நிஜமாகவே பேசினேன். "இன்னிக்கு ஒரு நாள் தாங்க வை" என்று கேட்டேன். தாங்கினேன். மறுநாளும் கேட்டேன்.

மலைக்குப் போய்த் திரும்பினோம். எங்கள் பக்கத்தில் மாலையைக் கழற்றிய கையோடு சாராயக் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். என்னோடு குடிக்கும் கூட்டாளி தெருமுனையிலேயே நின்றான். "கழட்டிட்டு வா மாமே, பாக்கெட்டு ரெடியா கீது."

அப்பா விடவில்லை. "இன்னிக்கு செவ்வாக்கெழம, கழட்டக் கூடாது சாமி." மறுநாள் அஷ்டமி. அதற்கடுத்த நாள் நவமி. நாலாம் நாள் காலண்டரில் ஒன்றும் அகப்படாமல், "பல்லி கத்துச்சு" என்றார். மனுஷன் நடுங்கிப்போயிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

"கழட்டிடலாம் நைனா. மாலைய நம்பிகினே எத்தினி நாளு இருக்கறது?" என்றேன்.

அம்மா கழற்றினாள். வெறுங்கழுத்தோடு கடைப்பக்கம் நடந்தேன். பத்தடி பின்னால் அப்பா, கையில் காலிப் பை. காய் வாங்கப் போகிறாராம்.

கூட்டாளி பாக்கெட்டை நீட்டினான். "வேணாம் மச்சான்" என்றேன்.

"இன்னாடா, இன்னும் சாமியா நீ?"

"அதெல்லாம் இல்ல. தெனம் காலைல சாமியாண்ட ஒரு நாள் கேட்டு வாங்கறேன். இன்னிக்கு வாங்கிட்டேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான். அன்று நான் குடிக்கவில்லை. இத்தனை வருடமாகவும் இல்லை. அப்பா வேகமாக வந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"காய் வாங்கலியா நைனா?"

"காயா? இன்னா காயி?" என்றார்.