ஸ்ரீக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் எதை எழுதினாலும் முதலில் 'ஸ்ரீ:' போடுவார். பால்காரருக்கு எழுதும் சீட்டிலும் அது இருக்கும். கேட்டு வந்த உபன்யாசத்தைத் தினமும் ஒற்றை விரலால் கணினியில் தட்டி, 'ஸ்ரீ:' என்று தொடங்கித்தான் கோப்புக்குப் பெயர் வைப்பார். ஆறு வருஷ உழைப்பு.

அந்தப் பழைய லினக்ஸ் கணினியிலிருந்து எல்லாவற்றையும் புது விண்டோஸ் கணினிக்கு மாற்ற நான் ஒரு நிரல் எழுதினேன். கோப்பின் பெயரில் அந்த இரண்டு புள்ளிகளை விண்டோஸ் ஏற்காது. அதனால் புள்ளியிலிருந்து மிச்சத்தை வெட்டச் சொன்னேன். எல்லாக் கோப்புக்கும் 'ஸ்ரீ' என்ற ஒரே பெயர் கிடைத்தது. ஒன்றின்மேல் ஒன்று பதிந்து, கடைசிக் கோப்பு மட்டும் மிஞ்சியது. சரிபார்க்காமலே, "எல்லாம் வந்துடுச்சு மாமா" என்றேன். என்னை நம்பிப் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அவரிடமே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"போறது, ஸ்ரீயாவது நின்னுடுத்தே. மறுபடி ஆரம்பிச்சா ஆச்சு."

புதுக் கோப்பைத் திறந்து, பெயர் கேட்ட கட்டத்தில் 'ஸ்ரீ:' தட்டினார். கணினி சேமிக்க மறுத்தது. இன்னொரு முறை தட்டினார்.

"ஏன்டாப்பா, இது ஏன் ஏத்துக்க மாட்டேங்கறது?"

அந்தப் புள்ளிகளை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை.